மதுவால் வந்த மனச்சோர்வா, மனச்சோர்வால் வந்த மதுவா? விடைக்குத் தேவைப்படும் நான்கு வாரங்கள்

புதுதில்லி:

நீண்ட காலம் மது அருந்திய ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படும்போது, மருத்துவரின் அறையில் இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்படுவது வழக்கம். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை ஆகிய அனைத்துக்கும் குடியே காரணம் என்பது குடும்பத்தினரின் கூற்று. மனம் சரியில்லாததால்தான் குடிக்க நேர்ந்தது என்பது நோயாளியின் கூற்று. இவற்றில் எது சரி என்பதை அந்த முதல் நாளில் மட்டுமின்றி, பெரும்பாலும் முதல் வாரத்திலும், அனுபவம் மிக்க மனநல மருத்துவராலும் உறுதியாகக் கூற இயலாது.

இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். மனச்சோர்வு நோய் ஏற்கெனவே உள்ள ஒருவர் அதிலிருந்து தப்பிக்க மதுவை நாடலாம். மனநோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு, மது மூளையில் ஏற்படுத்தும் மாற்றங்களால் மட்டுமே அதே மனச்சோர்வு தோன்றலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிகிச்சை வேறு. நோயின் எதிர்காலப் போக்கும் வேறு. பின்னதை 'போதைப்பொருளால் தூண்டப்பட்ட மனநிலைக் கோளாறு' என மருத்துவ உலகம் தனியாக வகைப்படுத்துகிறது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டிலும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் இதற்குத் தனி இடம் உண்டு.

இந்தியாவில் இப்பிரச்சினையின் பரப்பு சிறியதன்று. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. 10 முதல் 75 வயது வரையிலானோரில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடி பேர், மது அருந்துவதாக அந்த ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் 5.7 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மதுவால் ஏற்பட்ட பாதிப்புகளுக்கு உதவி தேவைப்படுகிறது. கஞ்சா, பாங்கு போன்றவற்றைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி பேர். அபின், ஹெராயின் உள்ளிட்ட ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 2.3 கோடி பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சையையோ உதவியையோ பெற்றதாகவும் அந்த ஆய்வு பதிவு செய்தது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அவ்வாண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். அவற்றில் 6.8 சதவீதத்துக்குப் போதைப்பொருள் அல்லது மதுப் பழக்கமே காரணமாகப் பதியப்பட்டுள்ளது. காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு மரணத்துக்கு ஒரு காரணமே எழுதப்படுகிறது என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 'குடும்பப் பிரச்சினை' என்றோ 'நோய்' என்றோ பதிவான மரணங்களில் எத்தனைக்குப் பின்னால் மதுவும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்தன என்பதை இந்த எண்ணிக்கை காட்டாது.

மூளைக்குள் நடப்பது என்ன?

மது அருந்தியவுடன் தோன்றும் இதமான தளர்ச்சிக்கு மூளையில் உள்ள இரண்டு வேதிப்பொருள்கள் முக்கியக் காரணம். நரம்புச் செல்களின் வேகத்தை அடக்கும் 'காபா'வின் செயல்பாட்டை மது கூட்டுகிறது. அவற்றைத் தூண்டும் 'குளுட்டமேட்'டின் செயல்பாட்டைக் குறைக்கிறது. ஒருவர் எப்போதாவது அருந்தினால் சில மணி நேரத்தில் மூளை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாள்தோறும் மாதக்கணக்கில் அருந்தும்போது நிலைமை மாறுகிறது. தொடர்ந்து அழுத்தப்படும் மூளை அந்த அழுத்தத்தைச் சமன்செய்யத் தன்னைத் திருத்தியமைத்துக்கொள்கிறது. அடக்கும் அமைப்பு மந்தமாகிறது; தூண்டும் அமைப்பு கூர்மையடைகிறது. மது இருக்கும்வரை இந்த மாற்றம் வெளியே தெரிவதில்லை. மது நின்றதும், எதிர்ப்பக்கத்தில் பிடிப்பில்லாத தராசுத் தட்டைப்போல் மூளை ஒரு பக்கம் சாய்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு, பதற்றம், உறக்கமின்மை ஆகியவை அதன் வெளிப்பாடுகள்.

இதே காலத்தில் மகிழ்ச்சியோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமின் அமைப்பும் களைத்துப்போகிறது. மதுவுக்குப் பழகிய மூளை, உணவு, உரையாடல், குழந்தையின் சிரிப்பு, வேலையில் கிடைக்கும் நிறைவு போன்ற இயல்பான இன்பங்களுக்கு முன்போல் எதிர்வினை காட்டுவதில்லை. உடலின் மன அழுத்த ஹார்மோன்கள் உயர்ந்த அளவிலேயே நிலைத்திருக்கின்றன. மது உறக்கத்தைத் தருகிறது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் அது உறக்கத்தை விரைவில் வரவழைத்து, இரவின் பிற்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. விடியற்காலை 3 மணிக்கு விழித்து, மீண்டும் உறங்க முடியாமல் இருண்ட எண்ணங்களோடு படுத்திருப்பது மனச்சோர்வு நோயின் அறிகுறி. அது தொடர் குடியின் விளைவும்கூட. இவ்வாறு உயிரியல் வழியாகவே மது மனச்சோர்வை உருவாக்க முடியும். அதற்கு முன்வாழ்வின் துயரமோ இழப்போ காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மூளை மீண்டும் சமநிலைக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகும் என்பதே சிகிச்சையின் மையமான கேள்வி. இதற்கு அமெரிக்க ஆய்வாளர்களான பிரவுன், ஷக்கிட் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மதுச் சார்புக்காக மருத்துவமனையில் சேர்ந்த 191 ஆண்களை அவர்கள் வாரந்தோறும் மதிப்பிட்டனர். சேர்ந்தபோது 42 சதவீதத்தினருக்கு மருத்துவரீதியாகக் கவனிக்கத்தக்க மனச்சோர்வு இருந்தது. மது இல்லாமல் நான்கு வாரங்கள் கழிந்தபின் அது 6 சதவீதமாகக் குறைந்தது. பெரும்பாலோருக்கு மனச்சோர்வின் வேர் மதுவிலேயே இருந்தது என்பதை இது காட்டியது. அதே ஆய்வின் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. அந்த 6 சதவீதத்தினருக்கு மது நின்ற பின்னும் மனச்சோர்வு நீங்கவில்லை.

கையேடுகள் கூறும் 'ஏறத்தாழ ஒரு மாதம்' என்ற அளவுகோல் இத்தகைய அனுபவங்களின் அடிப்படையில் உருவானது. போதைப்பொருளின் தாக்கத்திலோ, அதை நிறுத்திய சில நாள்களிலோ மனநிலைக் கோளாறு தொடங்கியிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு அத்தகைய விளைவை ஏற்படுத்தும் தன்மை இருக்க வேண்டும். நிறுத்தி ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் தணிய வேண்டும். பழக்கம் தொடங்குவதற்கு முன்பே நோய் இருந்தாலோ, நிறுத்தி ஒரு மாதம் கடந்த பின்னும் நீடித்தாலோ, அதைத் தனித்த மனநோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்க வேண்டும். இந்த ஒரு மாதம் கல்லில் பொறித்த விதியன்று. உடலிலிருந்து மெதுவாக வெளியேறும் டயசிபாம் போன்ற தூக்க மருந்துகளுக்கும், மெதடோன் போன்ற ஓபியாய்டுகளுக்கும் கூடுதல் காலம் தேவைப்படும்.

மது மட்டும் அல்ல

ஒவ்வொரு பொருளும் மனநிலையை வெவ்வேறு திசையில் இழுக்கிறது. கொக்கைன், 'ஐஸ்' எனப்படும் மெத்தம்பெட்டமைன், மியான்மர் எல்லை வழியாக வடகிழக்கு மாநிலங்களுக்குள் வரும் 'யாபா' மாத்திரை ஆகியவை டோபமினைப் பெருமளவில் வெளியேற்றுகின்றன. அவற்றின் தாக்கத்தில் உள்ளவர் உறங்காமல், ஓயாமல் பேசியபடி, தன்னால் எதையும் சாதிக்க முடியும் என்ற எண்ணத்தில் மிதப்பார். மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலையிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். தாக்கம் தணிந்ததும் நேர்மாறான வீழ்ச்சி வருகிறது. நாள்கணக்கில் உறக்கம், கடும் சோர்வு, வெறுமை, சில வேளைகளில் தற்கொலை எண்ணம் என அது நீள்கிறது. ஒரே வாரத்தில் இரு முனைகளையும் கண்ட குடும்பத்தினர் விவரிக்கும்போது, அது பைபோலார் எனப்படும் இருதுருவக் கோளாறாகவே மருத்துவரின் காதில் விழும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று பல மாதத் தவறான சிகிச்சையைத் தவிர்த்துவிடக்கூடும்.

பஞ்சாபில் 'சிட்டா' என்று அழைக்கப்படும் ஹெராயினும் பிற ஓபியாய்டுகளும் வேறு வகையில் செயல்படுகின்றன. தொடர் பயன்பாட்டில் உணர்ச்சிகள் மரத்துப்போகின்றன. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறைவதால் சோர்வும் நாட்டமின்மையும் கூடுகின்றன. உடல்வலியும் வயிற்றுப்போக்கும் ஓரிரு வாரங்களில் தணிந்தாலும், மனத்தின் வெறுமை நீண்ட காலம் தங்கிவிடுகிறது. மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் பலரும் அந்த வெறுமையைத் தாங்க இயலாமல் திரும்புகின்றனர். வலி நிவாரணியாக மருந்துக் கடைகளில் எளிதில் கிடைத்துவந்த டிரமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

கஞ்சா பொதுவாகத் தீங்கற்றதாகக் கருதப்படுகிறது. செடியின் இலையிலிருந்து தயாராகும் பாங்கு, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்ட வரையறைக்கு வெளியே இருப்பதால் வட இந்தியாவில் ஹோலி, மகா சிவராத்திரி நாள்களில் வெளிப்படையாகவே அருந்தப்படுகிறது. சட்டம் வகுத்த இந்த வேறுபாட்டை மூளை அறியாது. பைபோலார் கோளாற்றுக்கான மரபுச் சாய்வு உள்ளவர்களுக்குக் கஞ்சா மிகையெழுச்சியைத் தூண்டவோ, ஏற்கெனவே உள்ளதை நீட்டிக்கவோ செய்யலாம். இளம் வயதிலேயே தொடங்கும் அன்றாடப் பயன்பாடு கூடுதல் ஆபத்தானது. ஒயிட்னர், பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் சிறார்களிடம் அதிகம். 2019 ஆய்வின்படி, முகரும் பொருள்களின் பயன்பாட்டில் மட்டுமே பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளும் பதின்பருவத்தினரும் முன்னணியில் உள்ளனர். அவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சலாகவும் ஆத்திரமாகவும் வெளிப்படுவதால் 'அடங்காத பிள்ளை' என்ற பெயரோடு கவனிக்கப்படாமல் போகிறது.

மருத்துவர் எழுதித் தந்த மருந்தும் இப்பட்டியலில் சேரும் என்பது பலரும் அறியாதது. ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு அதிக அளவில் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்கு மிகையெழுச்சியையும் சிலருக்கு மனச்சோர்வையும் ஏற்படுத்துகின்றன. கல்லீரல் அழற்சிக்கு முன்னர் பரவலாகப் பயன்பட்ட இன்டர்ஃபெரான் மனச்சோர்வுக்குப் பெயர்பெற்றது. இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஆயுர்வேதத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் சர்ப்பகந்தா வேர், உயர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாயைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்ப்பின் உலகெங்கும் பரவியது. அதை உட்கொண்டோரில் சிலருக்கு மனச்சோர்வு தோன்றியதாக 1950-களில் செய்திகள் வந்தன. அந்த மருந்து மூளையில் செரட்டோனின் முதலிய வேதிப்பொருள்களின் இருப்பைக் குறைப்பது தெரியவந்ததும், மனச்சோர்வுக்கு வேதியியல் அடிப்படை இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. ரெசர்ப்பின் உண்மையிலேயே அந்த அளவு மனச்சோர்வை உண்டாக்கியதா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றுள்ளனர். எனினும், உட்கொள்ளும் ஒரு பொருள் மனநிலையையே மாற்றக்கூடும் என்பதை மருத்துவ உலகம் தீவிரமாக எண்ணத் தொடங்கியதில் அதற்குப் பங்குண்டு.

திடீரென நிறுத்தினால்

மது நின்ற முதல் சில நாள்கள் மனநிலைக்கு மட்டுமன்றி உயிருக்கும் ஆபத்தானவை. நடுக்கமும் பதற்றமும் ஒரு நாளுக்குள் தொடங்கும். சிலருக்கு முதல் இரு நாள்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில், இடம், காலம் தெரியாத குழப்பமும் இல்லாத உருவங்கள் தோன்றுவதும் கொண்ட கடும் விலகல் நிலை ஏற்படலாம். உரிய சிகிச்சை இல்லையெனில் அது மரணத்திலும் முடியும்.

2020 மார்ச் மாத இறுதியில் கொரோனா பொதுமுடக்கத்தால் நாடெங்கும் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இது கண்கூடாக வெளிப்பட்டது. கேரளத்தில், மது கிடைக்காத நிலையில் நிகழ்ந்த தற்கொலைகள் குறித்து அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. விலகல் அறிகுறிகள் உள்ளோருக்கு மருத்துவரின் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என மாநில அரசு மார்ச் 30-ஆம் தேதி ஆணை பிறப்பித்தது. மதுவை மருந்தாகப் பரிந்துரைப்பது மருத்துவ நெறிக்குப் புறம்பானது என மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. ஏப்ரல் 2-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதித்தது. மருத்துவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. விலகல் நிலைக்கு டயசிபாம், லோராசிபாம் போன்ற மருந்துகளும், தயமின் எனப்படும் பி1 வைட்டமினும் கொண்ட உறுதியான சிகிச்சை உள்ளது. மது அதற்கு ஈடாகாது. ஆனால் அந்தச் சிகிச்சை தேவைப்படுவோர் எங்கு உள்ளனர் என்பதோ, அவர்களை எவ்வாறு சென்றடைவது என்பதோ எந்த மாநிலத்திடமும் ஆயத்தமாக இருக்கவில்லை. வீட்டு அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலும் குடும்பங்கள் இன்றும் எதிர்கொள்வது அதே ஆபத்தைத்தான்.

பிரித்தறிவது எப்படி?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்கு நேரடி விடை தராது. மருத்துவர்கள் நம்பியிருப்பது காலவரிசையை. முதலில் தொடங்கியது எது, இதற்கு முன் மாதக்கணக்கில் மது இல்லாமல் இருந்த காலம் உண்டா, அக்காலத்தில் மனநிலை எப்படி இருந்தது, பதின்பருவத்திலேயே சோர்வு இருந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் மனச்சோர்வோ பைபோலார் கோளாறோ தற்கொலையோ உண்டா எனக் கேள்விகள் தொடரும். நோயாளியின் நினைவு மங்கியிருக்கலாம் என்பதால் மனைவி, தாய், உடன்பிறந்தோர் தரும் தகவல் மிகவும் பயன்படும். திருமணம், குழந்தைப் பிறப்பு, வேலை இழப்பு, சபரிமலைக்கு மாலை அணிந்த காலம் போன்ற குறிப்புகளோடு இணைத்துக் கேட்கும்போது தெளிவான வரிசை கிடைக்கிறது. ஆண்டுதோறும் மாலை அணிந்து 41 நாள்கள் மதுவைத் தொடாமல் இருப்பவர், அந்நாள்களில் இயல்பாக உறங்கி, உற்சாகமாக வேலைக்குச் சென்றார் என்றால், மருத்துவருக்கு வேண்டிய நான்கு வாரச் சான்று வீட்டிலேயே கிடைத்துவிட்டது எனலாம்.

உடல் சார்ந்த பிற காரணங்களையும் விலக்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, கல்லீரல் பாதிப்பு, வைட்டமின் குறைபாடு ஆகிய ஒவ்வொன்றும் மனச்சோர்வுபோல் தோன்றக்கூடும். போதையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டதை மறந்துவிட்ட ஒருவருக்கு, மூளை உறைக்கடியில் மெதுவாகச் சேரும் ரத்தக்கட்டும் அவ்வாறே மந்தத்தை ஏற்படுத்தும்.

'குடியை நிறுத்தினால் சரியாகிவிடும்'

இக்கூற்று பெரும்பாலோர் விஷயத்தில் உண்மை. அதனாலேயே ஆபத்தானதும்கூட. மதுவால் தூண்டப்பட்ட மனச்சோர்வு தற்காலிகமானது என்பதால் அது இலேசானது என்று பொருளாகாது. நம்பிக்கையிழப்பும் குற்றவுணர்வும் உச்சத்தில் இருக்கும் அந்த வாரங்களில் தற்கொலை ஆபத்து உண்மையானது. மது உள்ளே இருக்கும்போது, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே உள்ள தயக்கத்தை அது அகற்றிவிடுகிறது. கடன், பிரிந்துபோன உறவு, இழந்த வேலை ஆகியவை போதை தெளிந்த மனத்துக்கு முதன்முறையாக முழு அளவில் தெரியவருவதும் இக்காலத்தில்தான். சாக விரும்புவதாகக் கூறும் ஒருவரை, 'போதையில் உளறுகிறார்' என்று ஒதுக்குவது மருத்துவமனை அவசரப் பிரிவுகளிலும் வீடுகளிலும் நிகழும் தவறு.

முதலில் தூண்டப்பட்டதாக வகைப்படுத்தப்பட்டவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த வெளிநாட்டு ஆய்வுகளில், கணிசமானோருக்குப் பின்னர் அது தனித்த மனச்சோர்வு நோய் என மாற்றிக் கூற வேண்டியிருந்தது. முதல் மாதத்தில் எழுதப்படும் நோய்ப்பெயர் இறுதியானதன்று. நான்கு வாரம் கழித்து நோயாளி மீண்டும் வர வேண்டும் என்பது இதனால்தான். அந்த இரண்டாவது வருகையே இந்தியச் சூழலில் பெரும்பாலும் நிகழாமல் போகிறது. கூலி வேலைக்குச் செல்வோருக்கு ஒரு நாள் மருத்துவமனைப் பயணம் என்பது ஒரு நாள் வருமான இழப்பு. நன்றாக இருப்பவர் வர அவசியம் காண்பதில்லை. மீண்டும் குடிக்கத் தொடங்கியவர் வெட்கத்தால் வருவதில்லை.

சிகிச்சையில் காத்திருப்பும் விதிவிலக்கும்

இலேசான, நடுத்தரமான மனச்சோர்வு உள்ளவருக்கு, விலகல் சிகிச்சை அளித்து, சத்துணவும் உறக்கமும் உறுதிசெய்து, ஆலோசனையோடு மூன்று, நான்கு வாரம் கவனித்தபின் முடிவெடுப்பது வழக்கமான அணுகுமுறை. முதல் நாளிலேயே மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால், பிறகு வரும் முன்னேற்றம் மாத்திரையாலா, மது நின்றதாலா என்பது தெரியாது. தேவையற்ற மருந்து ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும். பைபோலார் கோளாறு மறைந்திருக்கும் ஒருவருக்கு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது மிகையெழுச்சியைத் தூண்டவும் வாய்ப்புண்டு.

காத்திருக்கக் கூடாத சூழல்களும் உண்டு. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருத்தல், உணவையே மறுத்தல், பழக்கம் தொடங்கும் முன்பே மனச்சோர்வு இருந்ததற்கான தெளிவான வரலாறு, மாயக்குரல்கள் கேட்டல் ஆகியவற்றில் இரண்டு நோய்களுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்கப்படுகிறது. மீண்டும் குடிப்பதைத் தடுக்க நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உள்ளன. மது அருந்தினால் கடும் உடல் உபாதை ஏற்படுத்தும் டைசல்ஃபிரம், நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கப்படுவதுண்டு. அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஓபியாய்டு சார்புக்கு பியுப்ரெனார்பின் சிகிச்சை முதன்மையானது. பஞ்சாப் அரசு 2017 முதல் புறநோயாளி மையங்கள் வழியாக அதை வழங்கிவருகிறது.

மனநல மருத்துவர்கள் பெருநகரங்களிலேயே குவிந்துள்ள நாட்டில், கோவாவில் நடைபெற்ற இரண்டு ஆய்வுகள் கவனம் பெற்றன. மருத்துவப் பயிற்சி இல்லாத உள்ளூர் மக்களைத் தேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை வழங்கப் பயிற்றுவித்தனர். ஒன்று தீங்கு விளைவிக்கும் அளவு குடிக்கும் ஆண்களுக்கானது; மற்றொன்று கடும் மனச்சோர்வு உள்ளோருக்கானது. 'லான்செட்' இதழில் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதங்களுக்குப் பின் முதல் ஆய்வில் ஆலோசனை பெற்றோரில் 36 சதவீதத்தினரும், பெறாதோரில் 26 சதவீதத்தினரும் குணமடைந்திருந்தனர். மனச்சோர்வு ஆய்வில் அது முறையே 64, 39 சதவீதமாக இருந்தது. குடிப்பழக்கத்தில் கிடைத்த பலன் மனச்சோர்வில் கிடைத்ததைவிடக் குறைவு என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை. எனினும், உதவி மாவட்டத் தலைநகருக்கு வெளியேயும் கிடைக்க முடியும் என்பதற்கு அவை சான்று.

இரண்டு கதவுகள்

இரு நோய்களும் ஒருசேர உள்ளவர் இந்தியாவில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது எளிய கேள்வியன்று. மனநல மருத்துவமனைகளும் மாவட்ட மனநலத் திட்டமும் சுகாதாரத் துறையின் கீழ் உள்ளன. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதியளிப்பது சமூக நீதி அமைச்சகம். மனநலப் பிரிவில் 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்றும், மறுவாழ்வு மையத்தில் 'மனநோயாளிகளைச் சேர்ப்பதில்லை' என்றும் கூறப்பட்டு அலையும் குடும்பங்கள் உண்டு. பெங்களூரு நிமான்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ., தில்லி எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் இரண்டுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை கிடைக்கிறது. நிமான்ஸ் ஒருங்கிணைத்து நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு உள்ளோரில் ஏறத்தாழ 86 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பது தெரியவந்தது. சேவை எங்கோ இருப்பது மட்டும் போதாது என்பதையே அது காட்டுகிறது.

பெண்களின் நிலை இதனினும் மறைவானது. 2019 ஆய்வின்படி ஆண்களில் 27.3 சதவீதத்தினரும் பெண்களில் 1.6 சதவீதத்தினரும் மது அருந்துகின்றனர். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே பெண்களுக்கான மறுவாழ்வு வசதிகள் மிகச் சில. குடிக்கும் பெண் என்ற பழிக்கு அஞ்சி, உறக்கமின்மைக்கோ தலைவலிக்கோ மருந்து கேட்டு வருவோரிடம் மதுவைப் பற்றியோ தூக்க மாத்திரையைப் பற்றியோ மருத்துவர் கேட்பதும் அரிது.

சட்டம் இவ்விரண்டு நோய்களையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது பரவலாக அறியப்படவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் 'மனநோய்' என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்துள்ளது. எனவே அச்சட்டம் தரும் உரிமைகள் இவர்களுக்கும் உரியவை. மனநோய்ச் சிகிச்சைக்கு உடல்நோய்க்கு நிகரான காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 21. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். வேறாக நிரூபிக்கப்படாதவரை அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது பிரிவு 115. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை பிரிவு 95 முற்றிலும் தடைசெய்கிறது. சிகிச்சை என்ற பெயரில் அடித்தும் கட்டிவைத்தும் நடத்தப்படும் மறுவாழ்வு மையங்களுக்கு எதிராகக் குடும்பத்தினர் எடுத்துக்காட்டத்தக்க விதி இது.

தடைசெய்யப்பட்ட போதைப்பொருளைப் பயன்படுத்துவோர் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவதற்குக் காவல்துறை மீதான அச்சம் ஒரு காரணம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 64ஏ பிரிவு, பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

மனநலம் தொடர்பான ஆலோசனைக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில், 24 மணி நேரமும், தமிழ் உட்பட 20 மொழிகளில் கட்டணமின்றி அழைக்கலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் 14446. இது சமூக நீதி அமைச்சகத்தைச் சார்ந்தது. இரண்டு பிரச்சினைகளும் உள்ளவர் எந்த எண்ணை அழைத்தாலும், மற்றொன்றைப் பற்றியும் முதலிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது. எந்தப் பொருள், எவ்வளவு காலமாக, கடைசியாக எப்போது என்ற விவரங்களை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால், ஆலோசகர் அடுத்த கட்ட உதவியை விரைவாகத் தீர்மானிக்க முடியும்.